திங்கட்கிழமைக்குள் ஒரு கல்யாணம்

"ஆடி மாசத்துல எவனாவது தாலி கட்டுவானா? ஊரு சிரிக்காது?"

"சிரிச்சா சிரிச்சிக்கினு போவட்டும். சனிக்கெழம கட்டிடணும். ஞாயித்துக்கெழமன்னா கூட லேட்டு."

"இன்னா அவசரம்னு நாலு தபா கேட்டுட்டேன். அத்தச் சொல்லு மொதல்ல."

"அவசரம்னா அவசரந்தான்டா. கூடப் பொறந்தவ கேக்குறேன், குடுக்க மாட்டியா?"

"குடுக்க மாட்டேன்னு எப்ப சொன்னேன்? ஆவணில குடுக்கறேன்னு தட்டு மாத்துனனா இல்லையா? மண்டபம் பேசியாச்சு, பத்திரிகைக்குக் குடுத்தாச்சு. இப்ப வந்து நாளான்னிக்குக் கட்டுன்னா, அது இன்னா பொண்ணா, பஸ் டிக்கெட்டா?"

ஆரம்பாக்கம் ஸ்டேஷன் தெருவில் காலை எட்டரை மணிக்கு மேல் ஆண்பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகிறவர்கள் ரயிலில் போயிருப்பார்கள், மற்றவர்கள் கழனியில் இருப்பார்கள். மிச்சமிருப்பது பெண்களும் அவர்களுடைய காதுகளும்தான். எதிர்வீட்டு ஆபிதா முறத்தில் காய்ந்த சென்னாக்குன்னிப் பொடி இறாலைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஒரு முறத்துச் சென்னாக்குன்னியை அன்றைக்கு அவள் மூன்று தடவை பொறுக்கினாள். நான்காவது தடவை பொறுக்கியிருந்தால் அதில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

கத்திக்கொண்டிருந்தவள் ஈஸ்வரி. மூன்று ஏக்கர் நெல் நிலம், ஒரு செவலைப் பசு, வாயைத் திறக்காத புருஷன் ஆதிநாராயணன், ஒரே பிள்ளை கோபால் என்று அளவாக வாழ்ந்துகொண்டிருந்தவள். எதிரே நின்று கத்தியவன் அவளுடைய தம்பி வீரராகவன். பொன்னேரிப் பக்கத்து ஆரணியில் அரிசி மண்டி வைத்திருக்கிறான். அவனுடைய ஒரே பெண் சந்திரகலாவைத்தான் கோபாலுக்குப் பேசி முடித்திருந்தார்கள். அக்கா ஃபோன் பண்ணி "உடனே வா" என்றதும் நாஷ்டா கூடச் சாப்பிடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தவன், வந்த இடத்தில் இப்படி ஒரு பேச்சைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டான்.

காரணத்தைச் சொல்லக்கூடாது என்றில்லை. ஈஸ்வரிக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளுக்கே அது பாதிதான் விளங்கியிருந்தது. விளங்கிய அந்தப் பாதியும் தப்பு.

நடந்தது இதுதான். கோபாலுக்குக் கழுத்தில் ஒரு கட்டி. இரும்பு உருக்கும் கம்பெனியில் உலைக்குப் பக்கத்தில் நிற்கிறவன், சூட்டுக் கட்டி என்று இரண்டு மாசம் விளக்கெண்ணெய் தடவினார்கள். கட்டி கரையவில்லை, பக்கத்தில் இன்னொன்று வந்தது. ஈஎஸ்ஐ டாக்டர் பார்த்துவிட்டுச் சென்னைக்கு எழுதிக் கொடுத்தார். சென்னையில் கட்டியில் கொஞ்சம் கிள்ளி எடுத்துப் பார்த்தார்கள். போன செவ்வாய்க்கிழமை முடிவு கேட்கப் போனபோது கோபாலை ஸ்கேனுக்குள் படுக்க வைத்திருந்தார்கள். ஆதிநாராயணன் பால் கலக்காத டீ எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டு போயிருந்தார். வராந்தாவில் ஈஸ்வரி மட்டும் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் நடந்துகொண்டே வந்து, நின்றுகொண்டே சொன்னார்.

"பயப்படாதீங்க, இது குணமாகிற வகைதான். திங்கட்கிழமை ஊசி மருந்து ஆரம்பிக்கணும், தள்ளிப் போட முடியாது. பையனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? இல்லையா. மருந்து ஏறிட்டா அப்புறம் குழந்தை உண்டாகிறது கஷ்டமாகலாம். அதனால திங்கட்கிழமைக்குள்ள குழந்தைக்கு ஒரு வழி பண்ணிட்டு வந்துடுங்க. லெட்டர் தர்றேன், பையன்கிட்ட குடுங்க."

லெட்டரைக் கையில் கொடுத்தார். அவருடைய ஃபோன் அடித்தது. போய்விட்டார்.

ஈஸ்வரி அந்த லெட்டரைப் பையனிடம் கொடுக்கவில்லை. அதில் வியாதியின் பெயர் எழுதியிருக்கும், அவன் படித்துவிட்டால் ஒடிந்துபோவான் என்று நினைத்தாள். நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்து அரிசி டின்னுக்குள் புதைத்தாள். மற்றபடி டாக்டர் சொன்னதை அவள் தட்டவில்லை. திங்கட்கிழமைக்குள் குழந்தைக்கு வழி என்றால் என்ன? கல்யாணம் இல்லாமல் குழந்தைக்கு என்ன வழி இருக்கிறது? சனிக்கிழமை தாலி, சனி ராத்திரி ஒன்று, ஞாயிறு ராத்திரி ஒன்று, ஆக இரண்டு ராத்திரி. இரண்டு ராத்திரியில் ஆகிவிடும் என்று கணக்குப் போட்டாள். அவளுக்கே கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத்தான் கோபால் பிறந்தான் என்பது அந்தக் கணக்குக்குள் வரவேயில்லை.

வாசலில் இரண்டு பேரும் கத்தி ஓய்ந்தார்கள். வீரராகவன் அக்காவின் முகத்தையே பார்த்தான். அவனுக்கு ஏதோ எட்டியது. குரலைத் தாழ்த்தினான். தாழ்த்தினால் ஆபிதாவுக்குக் கேட்காதா என்ன, அவள் முறத்தையே கீழே வைத்துவிட்டாள்.

"யக்கா. எம் மூஞ்சப் பாத்துச் சொல்லு. கொழந்த கிழந்தன்னு எதுனா ஆயிப்போச்சா?"

ஈஸ்வரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டர் சொன்னது இவனுக்கு எப்படித் தெரிந்தது என்று நினைத்தாள்.

"உனக்கு யாருடா சொன்னது?" என்று கேட்டுவிட்டாள்.

அவ்வளவுதான். வீரராகவனுக்கு முகம் செங்கல் நிறத்துக்குப் போனது. அந்த நேரம் பார்த்துத்தானா கோபால் வரவேண்டும்? லீவு பேப்பரில் கையெழுத்து வாங்கக் காலை முதல் வண்டிக்குக் கம்பெனிக்குப் போனவன், ஸ்டேஷனிலிருந்து கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு நடந்து வந்தான்.

"எம் பொண்ண இன்னாடா பண்ண?"

"நான் இன்னா மாமா பண்ணேன்?"

"இன்னா பண்ணேன்றியா? ஆடி மாசத்துல அவசரத் தாலி கேக்குறா உங்கம்மா. எனக்கு இன்னா காதுல பூவா வெச்சிருக்குது?"

"கலாவ நான் பாத்தே ஆறு மாசம் ஆவுது. பொங்கலுக்கு ஊட்டுக்கு வந்தப்போ பாத்ததுதான். அன்னிக்கும் அது ஒரு டம்ளர் மோரு குடுத்துட்டு உள்ள போயிடுச்சு."

வீரராகவன் மோரையெல்லாம் கேட்கிற நிலையில் இல்லை. சட்டையைப் பிடித்து இழுத்தான். துண்டு அவிழ்ந்து விழுந்தது. காதுக்குக் கீழே வெள்ளைப் பிளாஸ்திரியும் அதற்கடியில் எலுமிச்சம்பழம் போல் ஒரு வீக்கமும் தெரிந்தன. பிடித்த கை அப்படியே நின்றது.

"இன்னாடா இது?"

"கேன்சர் மாமா. திங்கக்கெழம ஊசி ஆரம்பிக்கிறாங்க."

ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னான். ஈஸ்வரி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"உனக்கு... உனக்கு எப்பிடிடா தெரியும்?"

"ஆஸ்பத்திரி வாசல்ல ஆள் உசரத்துக்கு எழுதி வெச்சிருக்கான். எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சிக்கினியா?"

வீரராகவன் துண்டை எடுத்து மருமகன் தோளில் போட்டான். போட்டுவிட்டு அக்காவிடம் திரும்பினான். இந்தத் தடவை கத்தவில்லை.

"இத்த மறைச்சிட்டா எம் பொண்ணக் கேட்ட?"

வண்டியை உதைத்துக் கிளம்பிப் போய்விட்டான். பத்து மணிக்குள் தெருவில் இரண்டு செய்திகள் உலாவின. கிழக்குப் பக்கம் ஆரணிப் பெண்ணுக்கு மூன்று மாசம் என்றார்கள். மேற்குப் பக்கம் கோபாலுக்குக் கழுத்தில் ஏதோ என்றார்கள். நடுவீட்டில் இருந்த ஆபிதா இரண்டையும் சேர்த்துப் பார்த்தாள், ஒட்டவில்லை. இத்தனைக்கும் முழுவதையும் நேரில் கேட்டவள் அவள்தான்.

*

மத்தியானம் மூன்று மணிக்குச் சந்திரகலாவே வந்து நின்றாள். பொன்னேரி காலேஜில் விலங்கியல் கடைசி வருஷம் முடித்தவள். அப்பாவிடம் சிநேகிதி வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு ரயிலேறியிருந்தாள். அடுப்பங்கரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

"அத்தே, எனக்கு மூணு மாசமாமே. ஸ்டேஷன்ல எறங்கி நடக்கச்சே ஒரு அம்மா என் வயித்தயே பாத்து 'மூணு மாசமா'ன்னு கேக்குறாங்க. எனக்குத் தெரியாம எப்ப நடந்துது?"

ஈஸ்வரியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். இரண்டு ராத்திரிக் கணக்கையும் சொன்னாள். சொல்லும்போதே, இதை இந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்கிறோம் என்று குழம்பினாள். ஆனால் நிறுத்தத் தெரியவில்லை. கடைசியில் அரிசி டின்னில் முழங்கை வரை கையை விட்டு லெட்டரை எடுத்துக் கொடுத்தாள். சந்திரகலா அரிசித் தூசியைத் தட்டிவிட்டுப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"இதுல கல்யாணம்னு ஒரு எடத்துலயும் இல்லியே அத்தே."

"பின்ன குழந்தன்னு சொன்னாரே."

"குழந்தைக்கு வேண்டியத எடுத்து வெக்கச் சொல்லியிருக்காரு. எழும்பூர்ல ஒரு கிளினிக் பேரு போட்டிருக்காரு. அங்க கோபால் மாமா போயி..." சுவரில் தொங்கிய மளிகைக்கடைக் காலண்டரைப் பார்த்துக்கொண்டாள். "விந்து குடுத்துட்டு வரணும். அத்த அவங்க உறைய வெச்சி வெச்சிருப்பாங்க. வருசக்கணக்கா கெடாது. ஒடம்பு சரியாயி, எப்பக் கல்யாணம் ஆவுதோ அப்ப எடுத்துக்கலாம். பொண்ணே தேவயில்ல இப்ப."

ஈஸ்வரிக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு நிம்மதியாக இருந்தது. பிறகுதான் பயம் வந்தது. மூன்றும் ஒரு நிமிஷத்துக்குள் வந்ததால் எதை முகத்தில் காட்டுவது என்று தெரியாமல் காப்பியை எடுத்து அவளே குடித்தாள்.

"அது ஆடி மாசத்துல எடுக்கலாமா?"

"இன்னாது?"

"ஆடியில சேந்தா சித்திரையில கொழந்த பொறக்கும்னுதான புதுப் பொண்ண ஆத்தா ஊட்டுக்கு அனுப்பி வெக்கிறோம். சித்திரையில பொறந்தா குடும்பத்துக்கு ஆவாது. இப்ப ஆடியில எடுத்து வெச்சா அது ஆடிக் கணக்குல வருமா, இல்ல என்னிக்கு எடுக்கிறாங்களோ அந்தக் கணக்குல வருமா?"

சந்திரகலா மூன்று வருஷம் தவளையை அறுத்துப் படித்தவள். இந்தக் கேள்வி எந்தப் பரீட்சையிலும் வந்ததில்லை. "தெரியல அத்தே" என்றாள். உண்மையிலேயே யோசித்துவிட்டுத்தான் சொன்னாள்.

"இன்னும் பதினஞ்சு நாள்ல ஆவணி பொறந்துடும். டாக்டர்கிட்ட சொல்லி ஊசிய ஒரு ரெண்டு வாரம் தள்ளி..."

"தள்ளக்கூடாதுன்னு எழுதியிருக்காரு. அடியில கோடு வேற போட்டிருக்காரு, பாரு."

இந்தப் பேச்சு பின்கட்டில் இருந்தவர்களுக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மாட்டுக் கொட்டகையில் ஆதிநாராயணன் செவலைக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். கோபால் கட்டுத்தறியில் சாய்ந்து நின்றிருந்தான். ஆதிநாராயணன் கையைக் கழுவிக்கொண்டு அடுப்பங்கரை நிலையில் வந்து நின்றார். அவர் பேசப் போகிறார் என்பது முதலில் யாருக்கும் புரியவில்லை. பேசிப் பழக்கமில்லை.

"நம்ம செவலைக்குச் செனை ஊசி போட்டாங்களே, அதாண்டி இது."

"இன்னாது?"

"மாட்டாஸ்பத்திரி டாக்டரு ஒரு கேனு எடுத்தாருவாரு. மூடியத் தெறந்தா பொகை வரும். உள்ள இருந்து சின்னக் குழாய எடுத்துப் போடுவாரு. அதுவும் ஒறைய வெச்சதுதான்."

"எம் புள்ளயும் காள மாடும் ஒண்ணா? வாயத் தெறந்தா இதுக்குத்தான் தெறப்பியா?"

"ஆடியா ஆவணியான்னு கேட்டியே, அதுக்குச் சொல்றேன். எடுத்த மாசம் கணக்கில்ல. நம்ம மாட்டுக்கு ஊசி போட்ட நாள்ல இருந்துதான் ஒன்பது மாசம் எண்ணுனோம். கன்னும் சரியா ஒன்பதாம் மாசந்தான் போட்டுது. அது எந்த மாசத்துல எடுத்ததுன்னு யாரு கேட்டா? அந்தக் காளை எந்த ஊர்ல இருந்துதோ. டாக்டரே சொன்னாரு, அது செத்தே மூணு வருசம் ஆயிருக்..."

அங்கே நின்றுவிட்டார். சந்திரகலா தரையைப் பார்த்தாள். ஈஸ்வரி காலி டம்ளரைப் பார்த்தாள். கொட்டகையில் கோபால் நின்ற இடத்தில் நின்றபடியே மாட்டின் நெற்றியைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"நான் போவல" என்றான். "உசுரோட இருந்தா பாத்துக்கலாம். இல்லன்னா எதுக்கு, எங்கியோ ஒரு கேன்ல பொகையோட கெடக்கறதுக்கா?"

ஆதிநாராயணன் அடுத்த ஆறு மாசத்துக்கும் சேர்த்து அன்றைக்கே பேசித் தீர்த்துவிட்ட மாதிரி வாயை மூடிக்கொண்டார். சந்திரகலாதான் எழுந்து பின்கட்டுக்குப் போனாள்.

"மாமா, நான் கட்டிக்கிறேன், அதனால போன்னு சொல்றதுக்கு வரல. கட்டிக்குவனான்னே தெரியல. அப்பா விடுவாரான்னும் தெரியல. உங்கம்மா எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம ரெண்டு நாள்ல என்ன மாசமாக்கப் பாத்தாங்க, அந்தக் கோவமும் தீரல. ஆனா இத்த எடுத்து வெக்கறதுக்கும் எனக்கும் சம்பந்தமில்ல. இது உன்னோடது. சனிக்கெழம ஒரு மணிக்கு கிளினிக்க மூடிடுவாங்க. திங்கக்கெழமைக்கு அப்புறம் நீயே கேட்டாலும் இருக்காது."

சொல்லிவிட்டு ஐந்து மணி வண்டிக்குப் போய்விட்டாள். போகும்போது ஆபிதா வாசலில் நின்று, "இன்னா பாப்பா, ஒடம்பு நல்லாக்குதா? புளிப்பா எதுனா வேணுமா?" என்று கரிசனமாகக் கேட்டாள். சந்திரகலா நின்று, "எனக்கு ஒண்ணுமில்லக்கா, வேணும்னா நீங்க சாப்பிடுங்க" என்றாள். ஆபிதாவுக்கு அதுவும் புரியவில்லை.

*

சனிக்கிழமை காலை கோபால் தானாகவே சட்டை போட்டுக்கொண்டு நின்றான். ஏன் மனசு மாறினான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் திரும்ப மாறிவிடுமோ என்ற பயம். கூடப் போகவேண்டியது ஆதிநாராயணன்தான். "நான் வந்து இன்னா பண்ணப்போறேன்" என்று நாற்றங்காலுக்குப் போய்விட்டார். ஆகவே ஈஸ்வரி கிளம்பினாள். தூக்கில் தயிர்சாதம் எடுத்துக்கொண்டாள். இந்த மாதிரி வேலைக்கு அம்மா துணைக்குப் போகலாமா, தயிர்சாதம் கொண்டுபோகலாமா என்பதற்கெல்லாம் ஒரு முறை இருக்குமோ என்னவோ, அவளுக்குச் சொல்ல ஆளில்லை.

சென்ட்ரலில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனார்கள். மூன்றாவது மாடி. சுவரெல்லாம் குண்டுக் குழந்தைகளின் படம். முப்பது, நாற்பது வயசுத் தம்பதிகள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவோடு வந்த ஒரே ஆண்பிள்ளை கோபால்தான். எல்லோரும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அவனுடைய கழுத்துப் பிளாஸ்திரியைப் பார்த்ததும் குனிந்துகொண்டார்கள்.

நர்ஸ் ஒரு ஃபாரத்தை எடுத்து வந்தாள். இங்கிலீஷ். ஒவ்வொன்றாகக் கேட்டு அவளே எழுதினாள். மூன்றாம் பக்கத்துக்கு வந்ததும் பேனாவைக் கோபாலிடம் கொடுத்தாள்.

"இது நீங்கதான் சார் டிக் பண்ணணும். உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா சாம்பிளை என்ன பண்றதுன்னு. மனைவி இருந்தா மனைவிக்குத் தரலாம், இல்லன்னா அழிச்சிடலாம், இல்லன்னா ஆராய்ச்சிக்குத் தரலாம்."

கோபால் பேனாவைப் பிடித்துக்கொண்டு மூன்று கட்டங்களையும் பார்த்தான். ஈஸ்வரி நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட குடுக்க மாட்டீங்களா?"

"அம்மாவுக்குத் தரமாட்டாங்கம்மா."

"நான்தான பெத்தேன்."

"அது வேறம்மா."

"இன்னா வேற? எம் புள்ளயோடது எனக்கு இல்லாம யாருக்கு? எதுக்குன்னு கேக்காத, எனக்கே தெரியல எதுக்குன்னு. சும்மா எங்கிட்ட இருக்கட்டும்னு கேக்குறேன்."

நர்ஸ் சின்னப் பெண். அவளுக்கு இதற்குப் பதில் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஃபாரத்தின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டு நின்றாள். கோபால் ஒரு கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டான். சாட்சிக் கையெழுத்து ஈஸ்வரி போட்டாள். நான்கு எழுத்தையும் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்ட மாதிரி தள்ளித் தள்ளி வைத்தாள். எந்தக் கட்டம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எதுலடா போட்ட?"

"வுடுமா."

பிறகு ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து வராந்தாக் கடைசியில் இருந்த அறையைக் காட்டினார்கள். கோபால் போனான். கதவு சாத்தியது. ஈஸ்வரி அந்தக் கதவுக்கு நேரே இருந்த நாற்காலியில் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆப்பரேஷனுக்குப் போனவனுக்குக் காத்திருக்கிற மாதிரியும் இருந்தது, பரீட்சைக்குப் போனவனுக்குக் காத்திருக்கிற மாதிரியும் இருந்தது. இரண்டும் இல்லை என்றும் தெரிந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கதவையே பார்த்தாள்.

அரை மணி கழித்துக் கோபால் வெளியே வந்தான். டப்பாவை உள்ளங்கைக்குள் மறைத்திருந்தான். முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"முடியல, போலாம்மா" என்றான். "போதும்."

மணி பதினொன்றரை. ஒரு மணிக்கு மூடிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கிடையாது. திங்கட்கிழமை ஊசி. செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்தக் குழப்பத்தில் இந்தக் குழப்பத்தில் விழுந்து எழுந்தவளுக்கு, அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒன்று மட்டும் பளிச்சென்று விளங்கியது. பிள்ளைக்கு மருந்தோ வியாதியோ தடையில்லை. கதவுக்கு வெளியே தயிர்சாதத்தோடு உட்கார்ந்திருக்கிற அம்மாதான் தடை.

"எனக்கு ஒரே தாகமாக்கீது" என்றாள். "கீழ போயி எதுனா குடிச்சிட்டு, அப்பிடியே சென்ட்ரல் பக்கம் ஒரு ஜாமான் வாங்கிக்கினு வரேன். ஒரு ஒன்றரை மணி நேரம் ஆவும். நீ என்னத் தேடாத. எனக்கு வழி தெரியும்."

"உனக்கு எங்க வழி தெரியும்? எழும்பூருக்கே இன்னிக்குத்தான் வர."

"கேட்டுக்கினு போறேன். எனக்கு வாயில்லியா?"

மாடிப்படியில் இறங்கிப் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. சென்ட்ரல் பக்கமெல்லாம் போகவில்லை, அவளுக்குத் தெருமுனை தாண்டினால் திசை தெரியாது. எதிர்ச்சாரியில் ஒரு ஜெராக்ஸ் கடை ஓரமாக வெயிலில் நின்றாள். கிளினிக்கின் ஜன்னல் பக்கம் கண் போகும்போதெல்லாம் வம்படியாக ரோட்டுப் பக்கம் திருப்பினாள். சாமியைக் கும்பிடலாமா என்று நினைத்தாள். என்னவென்று வேண்டிக்கொள்வது? எந்த அம்மனிடம் இதைப் போய்ச் சொல்வது? ஆகவே போகிற பஸ்களின் நம்பரைப் படித்துக்கொண்டு நின்றாள். ஜெராக்ஸ் கடைக்காரன் இரண்டு தடவை "இன்னாமா வேணும்?" என்று கேட்டுவிட்டு விட்டுவிட்டான்.

பன்னிரண்டு ஐம்பதுக்குக் கோபால் கீழே வந்தான். ரோட்டைத் தாண்டி நேராக ஜெராக்ஸ் கடைக்கு வந்தான். அவள் எங்கேயும் போயிருக்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது போல.

"முடிஞ்சிது" என்றான்.

"சாப்பிடறியா?"

"உம்."

சென்ட்ரல் பிளாட்பாரத்தில் சூளூர்ப்பேட்டை வண்டிக்குக் காத்திருந்தபோது இரண்டு பேரும் தயிர்சாதம் சாப்பிட்டார்கள். கோபால் பாதி தூக்கு சாப்பிட்டான். இரண்டு வாரத்தில் அவன் அவ்வளவு சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

*

திங்கட்கிழமை ஊசி ஆரம்பித்தார்கள். ஆறு மாசம் நடந்தது. முடி கொட்டியது, மீசை கொட்டியது, எடை குறைந்தது, பிறகு எல்லாம் திரும்பி வந்தது. மீசை மட்டும் முன்னைவிட அடர்த்தியாக வந்ததாக ஆபிதா சொல்வாள்.

வீரராகவன் ஐப்பசியில் தட்டைத் திருப்பிக் கொடுத்தான். அழுதுகொண்டுதான் கொடுத்தான், ஆனாலும் கொடுத்துவிட்டான். சந்திரகலா இரண்டு நாள் சாப்பிடவில்லை என்றும், இல்லை, நன்றாகத்தான் சாப்பிட்டாள் என்றும் இரண்டு விதமாகச் சொன்னார்கள். அடுத்த வருஷம் தை மாசம் அவளுக்குச் சூளூர்ப்பேட்டையில் உரக்கடை வைத்திருக்கிற ஒருவனோடு கல்யாணம் ஆனது. ஈஸ்வரிக்குப் பத்திரிகை வந்தது. போனாள். முன்வரிசையில் உட்கார்ந்து, யாரோடும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

கோபாலுக்குப் பெண் பார்க்க நாலு வருஷம் ஆயிற்று. மறைத்துப் பட்டது போதும் என்று இந்தத் தடவை ஈஸ்வரி ஒன்றையும் மறைக்கவில்லை. போகிற வீட்டிலெல்லாம் சொஜ்ஜி வருவதற்கு முன்பே வியாதி, ஊசி, எழும்பூர் கிளினிக், புகை வரும் கேன் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். ஆதிநாராயணன் செவலையைப் பற்றிச் சேர்த்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதே கோபாலுக்கு வேலையாகிவிட்டது. மூன்று வீட்டில் சொஜ்ஜித் தட்டு பாதி வழியிலேயே திரும்பிப் போனது. நாலாவது, கவரைப்பேட்டைப் பக்கம். பெண்ணே உள்ளேயிருந்து வந்து, "அந்தக் கேன்ல இருக்கறதுக்குக் கெட்டுப்போற தேதி எதுனா இருக்குதா?" என்று கேட்டாள். இல்லை, கெடாது என்றான் கோபால். சரி என்றுவிட்டாள்.

இரண்டாயிரத்து ஏழில் கல்யாணம். மறு வருஷம் இரண்டு பேரும் ஒரகடத்துக்குக் குடிபோனார்கள், அங்கே புதுக் கம்பெனியில் கோபாலுக்கு வேலை. அதற்கடுத்த வருஷம் ஒரு பெண் குழந்தை. அது எழும்பூரில் வைத்ததா, வீட்டிலேயே ஆனதா என்று ஈஸ்வரி மருமகளிடம் கேட்டாள், மருமகள் சிரித்தாள். மகனிடம் கேட்டாள். "எதுவானா உனக்கு இன்னாமா?" என்றான். மூன்றாம் பக்கத்தில் எந்தக் கட்டத்தில் டிக் போட்டாய் என்றும் கேட்டுப் பார்த்தாள். அதற்கும் பழைய "வுடுமா"தான்.

வீரராகவன் மண்டியை மூடிவிட்டு மகளோடு சூளூர்ப்பேட்டைக்கே போய்விட்டான். ஆபிதாவும் அவள் புருஷன் ஹனீப் பாயும் பழவேற்காட்டுக்குத் திரும்பிப் போனார்கள். அந்த வீட்டில் இப்போது சிப்காட் பையன்கள் ஆறு பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். பகலெல்லாம் தூங்குகிறார்கள். எதிர்வீட்டில் என்ன சத்தம் போட்டாலும் ஒருத்தனும் எட்டிப் பார்ப்பதில்லை.